கடல் தாண்டிப் படிக்கப் போகலாமா? போனவர்கள் சொல்லுங்கள்

சுங்கை சிப்புட், மாணவி

எஸ்.டி.பி.எம். தேர்வு முடித்துவிட்டேன். பல்கலைக்கழக இடத்துக்கான யு.பி.யு. முடிவும் வந்துவிட்டது. கடலுக்கு அந்தப் பக்கம் சரவாக் மாநிலத்தில், கோத்தா சமரஹானில் உள்ள பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. ஈப்போவைத் தாண்டி நான் தனியாக எங்கும் போனதில்லை. அப்பா செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறார். அம்மா போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. ஆனால் முடிவு வந்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. பாட்டிதான் வாய்விட்டுச் சொல்கிறார்: "பொம்பளப் புள்ளைய கடல் தாண்டி அனுப்புறதா?"

பதில் சொல்ல இன்னும் சில நாள்தான் இருக்கிறது. போனவர்கள், போகாமல் விட்டவர்கள், போய்த் திரும்பி வந்தவர்கள் யாராக இருந்தாலும் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். அறிவுரை ஏற்கெனவே நிறையக் கேட்டுவிட்டேன்.


சுங்கை சிப்புட்டிலிருந்து கூச்சிங் போய் வந்த அக்கா

தங்கச்சி, நானும் உன் ஊர்தான். பட்டணத்திலிருந்து அரை மணி நேரம் உள்ளே போனால் எங்கள் தோட்டம். அப்பா பால் வெட்டினார். பிறகு ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள், நாங்கள் இருந்த லயத்து வீடுகளை இடித்தார்கள், நாங்கள் பட்டணத்துக் குடியிருப்பான தாமானுக்கு வந்தோம். நீ போகச் சொல்லி வந்திருக்கும் அதே கோத்தா சமரஹானில்தான் நானும் படித்தேன்.

முதலில் எனக்கு யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். கூச்சிங்கில் இறங்கியதும் குடிநுழைவு வரிசையில் நிற்க வேண்டும். ஒரே நாடுதான், ஆனாலும் தீபகற்பத்திலிருந்து போகிறவர்களுக்கு அங்கே தனிச் சோதனை உண்டு. மைகார்டு அடையாள அட்டை இல்லாமல் போய்விடாதே. படிக்கப் போகிறவர்கள் மாணவர் பாஸும் எடுக்க வேண்டும். பல்கலைக்கழகம் வழி சொல்லும், ஆனால் அந்தத் தாள்களை எல்லாம் ஒரு கோப்பில் போட்டுக் கையிலேயே வைத்துக்கொள். நான் பெட்டிக்குள் வைத்துவிட்டு முதல் நாளே தவித்தேன்.

அப்புறம் பொழுது. நம் ஊரில் ஏழேகால் வரை வெளிச்சம் இருக்கும். அங்கே ஆறரை, ஆறே முக்காலுக்கே இருட்டிவிடும். கடிகாரம் ஒன்றுதான், சூரியன்தான் முந்திக்கொள்கிறது. முதல் வாரம் வகுப்பு முடிந்து நடந்து வரும்போது திடீரென்று இருட்டியது. அம்மாவை அழைத்தேன். பின்னணியில் பிள்ளைகள் பந்து விளையாடும் சத்தம் கேட்டது, அங்கே இன்னும் வெயில். அன்றைக்குத்தான் தூரம் என்றால் என்ன என்று எனக்கு உறைத்தது. விமானத்தில் ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தபோதுகூட அது தெரியவில்லை.

மொழி உனக்குச் சிரமமாக இருக்காது, ஆனால் காது பழக வேண்டும். மலாயில் 'இல்லை' என்பதற்கு நாம் 'தாக்' என்று சொல்வதை அவர்கள் 'சிக்' என்பார்கள். 'கமெக்' என்றால் நான், 'கிதாக்' என்றால் நீங்கள். உணவுக்கடை அம்மா ஒருவர் ஏதோ கேட்டார், நான் விழித்தேன், அவரே சிரித்துக்கொண்டு "சிக் அப்பா, சிக் அப்பா" என்று தட்டில் சோற்றை வைத்தார். பரவாயில்லை என்று அர்த்தம். நான் முதலில் கற்றுக்கொண்ட சரவாக் சொல் அதுதான். சாப்பாட்டில் ஒன்றைக் கவனித்துக்கொள். கொலோ மீ என்ற நூடுல்ஸ் பல கடைகளில் பன்றி இறைச்சியோடு வரும், வேண்டாம் என்றால் முன்பே கேள். சரவாக் லக்சா உனக்குப் பிடிக்கும். கறித்தூள் வீட்டிலிருந்தே கொண்டு போ. நான் ஒரு பாக்கெட் பாபாஸை மூன்று மாதம் வைத்து ஓட்டினேன்.

தமிழ் கேட்காத நாள்கள் உண்டு. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். மலேசியாவில் தீபாவளிக்குப் பொது விடுமுறை இல்லாத மாநிலம் சரவாக்தான். எனக்கு அது தெரியவே தெரியாது. விரிவுரையாளரிடம் போய்க் கேட்டேன், தயங்காமல் விடுப்புக் கொடுத்தார். கேட்கப் போகும் முன் அவர் அறை வாசலில் பத்து நிமிடம் நின்றேன். நம் ஊரில் தீபாவளிக்கு யாரிடமும் கேட்டு நின்றதில்லையே, அதுதான் கூச்சம். முதலாண்டு டிக்கெட் விலை ஏறியிருந்ததால் ஊருக்கு வரவில்லை. விடுதியில் ஐந்து தமிழ்ப் பிள்ளைகள் சேர்ந்து ரவை உருண்டை பிடித்தோம். உருண்டை நிற்கவில்லை, கரண்டியால் சாப்பிட்டோம்.

அந்த ஆண்டு மூத்த மாணவர்கள் எங்களை மாத்தாங் மலைக்குக் கூட்டிப் போனார்கள். காட்டுக்குள் படியேறிப் போனால் ஒரு மாரியம்மன் கோயில். புரூக் என்ற வெள்ளைக்கார ராஜாக்கள் சரவாக்கை ஆண்ட காலத்தில் அங்கே தேயிலை, காப்பி பயிரிடத் தமிழர்களைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் வைத்த கோயில் அது. தோட்டம் போய்விட்டது, ஆட்கள் போய்விட்டார்கள், காடு மூடிவிட்டது, அம்மன் மட்டும் இருந்தாள். நான் அங்கே நின்று அழுதேன். பக்தியால் மட்டும் இல்லை. நம் ஆட்கள் யாருமே இல்லாத இடத்துக்கு வந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், நம்மைப் போலவே தோட்டத்துக்காரர்கள் நூறு வருடத்துக்கு முன்னாலேயே அங்கே இருந்திருக்கிறார்கள்.

சரி, இப்போது கஷ்டமானதைச் சொல்கிறேன். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

இரண்டாம் ஆண்டில் எங்கள் பாட்டி தவறிவிட்டார். காலை ஆறு மணிக்கு அப்பா அழைத்தார். அங்கே விடிந்துகொண்டிருந்தது, நம் ஊரில் அந்நேரம் இன்னும் இருட்டு. "பாட்டி போயிட்டாங்கம்மா" என்றார், வேறு ஒன்றும் பேச முடியவில்லை. என் வங்கிக் கணக்கில் நாற்பத்திரண்டு வெள்ளி இருந்தது. என் அறைத்தோழி சரவாக்கின் பூர்வகுடியான இபான் இனப் பெண். நான் அழுததைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் மாடி மாடியாகப் போய்க் காசு சேர்த்துக் கொண்டுவந்தாள். அதற்குள் காலை விமானங்களில் இடம் போய்விட்டது. மாலை ஐந்து மணி விமானம்தான் கிடைத்தது. உடலை மறுநாள் வரை வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். அப்பா என்னிடம் கேட்டார், நான்தான் "எடுத்துடுங்கப்பா" என்றேன்.

நான்கு மணிக்குக் கூச்சிங் விமான நிலையத்தில், ஒரு தூணுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மாமா பிடித்திருந்த கைப்பேசி வழியாகப் பார்த்தேன். அவர் கை ஆடிக்கொண்டே இருந்தது. எனக்குத் தெரிந்தது வாழைமரத்தின் பாதியும் தகரக்கூரையின் ஓரமும்தான். எல்லாரும் வாய்க்கரிசி போட்டார்கள். ஒரு கணம் பாட்டியின் மூக்குத்தி தெரிந்தது. பிறகு படம் நின்றுவிட்டது. கோலாலம்பூர் கே.எல்.ஐ.ஏ. விமான நிலையத்தில் இறங்கி, பேருந்து பிடித்து, ஈப்போ அமான்ஜெயா பேருந்து நிலையத்தில் அப்பா வந்து கூட்டிப்போய் வீட்டுக்கு வந்தபோது இரவு இரண்டு மணி. வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். பாட்டி படுத்திருந்த இடத்தில் ஒரு விளக்கும் ஒரு செம்புத் தண்ணீரும் இருந்தன.

அதனால்தான் சொல்கிறேன், போகும் வழியை எல்லாரும் கணக்குப் போடுகிறோம், திரும்பும் வழியை யாரும் கணக்குப் போடுவதில்லை. ஊருக்குத் திரும்ப ஒரு டிக்கெட், ஒரு பேருந்து, அந்தக் காசைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டுப் போ. பி.டி.பி.டி.என். கல்விக் கடன் முதல் நாளே கைக்கு வராது, அதை நம்பி இருக்காதே. இன்னொன்று, வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்: ஏதாவது ஒன்று நடந்தால் எனக்காகக் காத்திருப்பீர்களா, எவ்வளவு நேரம்? அபசகுனம் என்று உன் பாட்டி திட்டுவார். திட்டட்டும். அந்தப் பேச்சை முன்பே பேசியிருந்தால் அன்று காலை அப்பா என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டி வந்திருக்காது. அதற்குப் பிறகு படிப்பு முடியும் வரை என் திரும்புகாசை நான் தொட்டதே இல்லை.

இவ்வளவுக்கும் பிறகு போகலாமா என்று கேட்டால், எனக்குக் கிடைத்த படிப்புக்காக நான் மறுபடியும் போவேன். தாவர அறிவியல். சின்ன வயதில் செம்பனை அடிமரத்தில் பளபளவென்று காளான் முளைத்திருக்கும், அப்பா "இந்த மரம் இனி தேறாது" என்பார். வகுப்பில் ஒருநாள் அதே காளானின் படத்தைத் திரையில் போட்டார்கள். கானோடெர்மா. அடித்தண்டை அழுகச் செய்யும் பூஞ்சை. அப்பாவுக்கு விளைவு தெரிந்திருந்தது, எனக்குக் காரணம் தெரிந்தது. அன்று இரவு ஒரு மணி நேரம் அப்பாவும் நானும் அதைப் பற்றியே பேசினோம். அதற்கு முன் நாங்கள் அவ்வளவு நேரம் பேசியதில்லை.

ஆனால் என்னோடு வந்த ஒரு பெண் ஒரு செமஸ்டரிலேயே திரும்பிவிட்டாள். அவள் அம்மாவுக்கு டயாலிசிஸ், வாரம் மூன்று முறை கூட்டிப் போக வேறு ஆள் இல்லை. அவள் செய்ததும் சரிதான். தோற்றுப் போய்த் திரும்பினாள் என்று ஊரில் யாராவது பேசினால் எனக்குக் கோபம் வரும்.


கூலிம் அண்ணன்

படிப்பைப் பற்றி எனக்குத் தெரியாது, வேலைக்குப் போனவன் நான். சபாவில், லாஹாட் டத்துப் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் கள மேற்பார்வை வேலை. கோத்தா கினபாலுவில் இறங்கி இன்னொரு சின்ன விமானம் மாறிப் போக வேண்டும்.

வேலைக்கு நினைப்பவர்கள் இதைப் படியுங்கள். நாம் மலேசியக் குடிமக்களாக இருந்தாலும் சபாவிலும் சரவாக்கிலும் வேலை செய்ய வேலை பெர்மிட் வேண்டும். 1963-இல் மலேசியா உருவானபோது குடிநுழைவு அதிகாரத்தை அந்த மாநிலங்கள் தங்கள் கையில் வைத்துக்கொண்டன. என்னை எடுத்த முதலாளி "வந்து சேருங்க, பெர்மிட் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். நம்பிப் போனேன். சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்குத் தரும் மூன்று மாதமும் ஓடிவிட்டது, பெர்மிட் வரவில்லை. கூலிமுக்குத் திரும்பி வந்து இரண்டு மாதம் சம்பளம் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக் கடன் தவணை ஒன்று தவறியது. பெர்மிட் தாளைக் கண்ணால் பார்க்காமல் டிக்கெட் வாங்காதீர்கள். இது ஒன்றில் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்.

பெர்மிட் வந்த பிறகு ஐந்து வருடம் அங்கே இருந்தேன். நல்ல ஊர், நல்ல மனிதர்கள். என் கீழ் வேலை செய்தவர்களில் அதிகம் பேர் இந்தோனேசியர்கள். காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டில் அவர்களைப் பார்க்கும்போது என் தாத்தா தமிழ்நாட்டிலிருந்து ரஜூலா கப்பலில் வந்த கதைதான் ஞாபகம் வரும். தாத்தாவிடம் யாரும் போகிறாயா என்று கேட்கவில்லை. தங்கச்சி, உன்னிடம் கேட்கிறார்கள்.


சுங்கை சிப்புட், ஒரு தகப்பன்

அம்மா, நான் உன் அப்பாவின் இடத்தில் இருந்தவன், அதனால் எழுதுகிறேன். டைப் செய்வது என் சின்ன மகள்.

என் மூத்த மகளுக்குக் கெடாவில், சிந்தோக்கில் இடம் கிடைத்தது. கடல்கூடத் தாண்ட வேண்டாம், ரயிலும் பேருந்தும் போதும். தூரம் என்று சொல்லி நிறுத்திவிட்டேன். பக்கத்திலேயே ஒரு தனியார் கல்லூரியில் சேர்த்தேன். கடன் அதிகம், படிப்பும் அவள் கேட்டது இல்லை. அவள் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

இப்போது யோசித்தால், தூரம் ஒரு காரணமே இல்லை. வந்த கடிதத்தில் எட்டுப் பக்கம் இருந்தது. என்ன கட்ட வேண்டும், எங்கே கையெழுத்து, மருத்துவப் பரிசோதனை எங்கே எடுப்பது, ஒன்றும் எனக்குப் பிடிபடவில்லை. பிள்ளையிடம் எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல வெட்கம். அதனால் தூரம் என்றேன். உன் அம்மா சாப்பிடாமல் இருப்பதற்கும் இப்படி ஏதோ ஒன்று இருக்கும். என்ன பயம் என்று ஒவ்வொன்றாகக் கேள். உன் பள்ளி ஆசிரியர் யாராவது ஒருவரை வீட்டுக்குக் கூட்டி வந்து அந்தத் தாள்களை அப்பாவுக்குத் தமிழில் சொல்லச் சொல்.


சுங்கை சிப்புட், மாணவி

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு இதையெல்லாம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அக்காவின் பாட்டி பகுதியில் என்னால் வாசிக்க முடியவில்லை, தம்பிதான் வாசித்தான். பாட்டியும் கேட்டுக்கொண்டிருந்தார். திட்டவில்லை. "என்னை மறுநாள் வரைக்கும் வச்சிருங்க, ஐஸ் பெட்டி இருக்குல்ல" என்று மட்டும் சொன்னார்.

அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டார்: "அங்க ஆறரைக்கே இருட்டிடுமா? வகுப்பு எத்தனை மணிக்கு முடியும்? விடுதிக்கு நடந்து வரணுமா, பஸ் இருக்கா?" எனக்குப் பதில் தெரியவில்லை. அக்கா, உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். நாளை அப்பாவுக்கு ஓய்வு நாள், ஆசிரியர் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டும்.