கவுன்டி வேளாண் கண்காட்சியில் குழந்தைகள் கூடாரம்: திருகை, ஆள், யோசனை தேவை

வணக்கம். ஜூலையில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பக்கம் ஒரு கவுன்டி ஷோவில், 'சாப்பாடு எங்கிருந்து வருகிறது' என்று பிள்ளைகளுக்குக் காட்டக் கூடாரம் போடுகிறோம். வெண்ணெய் எடுப்பது, கோதுமை அரைப்பது, இரண்டுதான்.

வெண்ணெய்க்கு 200 மில்லி மூடி டப்பாவில் 50 மில்லி டபுள் கிரீம் (கொழுப்பு மிகுந்த கெட்டியான பால் கிரீம்). நாலைந்து நிமிடம் குலுக்கினால் சளசள சத்தம் நின்றுவிடும். பிள்ளைகள் முடிந்ததென்று வைத்துவிடுவது அங்கேதான்! அது வெறும் கெட்டி நுரை. இன்னும் கொஞ்சம் விடாமல் குலுக்கினால் 'தொப்'பென்று மோர் பிரிந்து, சுமார் 25 கிராம் மஞ்சள் உருண்டை நிற்கும். கிரீம் 12–14 டிகிரியில் இருக்கவேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து அப்படியே எடுத்தால் டப்பாச் சுவரில் அப்பிக்கொள்ளும். 18 தாண்டினால் பிசுபிசுத்து மோர் சரியாகப் பிரியாது. நீண்டநாள் கெடாத யுஎச்டி கிரீம் இதற்குச் சரிப்படாது.

கூடாரத்தில் மின்சாரம் இல்லை. ஐஸ் பெட்டியில் கிரீம் 4 டிகிரிக்கு வந்துவிடுகிறது, வெளியே வைத்தால் மதியத்துக்குள் 20. நாள் முழுக்க 13-ல் நிறுத்த யாருக்காவது வழி தெரியுமா? ஈரத்துணி சுற்றிய மண்பானை போதுமா?

கல் திருகை யாரிடமாவது இருந்தால் இரண்டு நாளைக்கு இரவல் வேண்டும். கோதுமை நன்றாகக் காய்ந்ததை நாங்களே கொண்டுவருவோம். ஈரமிருந்தால் கல்லில் ஒட்டிக்கொள்ளும்.

கைகழுவுமிடத்தில் நிற்க நாலு பேர் தேவை. ஆட்டுக்குட்டியைத் தொட்டுவிட்டு வருபவர்களுக்கு ஜெல் போதாது, சோப்பும் ஓடும் தண்ணீரும்தான். பால், கோதுமை ஒவ்வாமை பற்றிப் பெற்றோரிடம் கேட்பதும் அந்த நாலு பேர் வேலையே.