பிஎஸ்4 ஃபார்ம்வேர் 11.52-ல நிக்குது. அடுத்த எக்ஸ்ப்ளாயிட் வர்ற வரைக்கும் காத்திருக்கலாமா?

வண்டிப்பெரியாறு_லயம் (2024 ஆகஸ்ட்)

எல்லாருக்கும் வணக்கம். வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்ல இருக்கேன். கம்பத்துல டிப்ளமோ படிக்கிறேன், தினமும் பஸ்ல போய்ட்டு வர்றது.

மாமா ஷார்ஜால இருந்து ஊருக்கு வந்தப்ப, அவர் அங்க வச்சிருந்த பிஎஸ்4 ஸ்லிம்மை எங்கிட்ட குடுத்துட்டார். பெட்டி சுத்தமா இருக்கு, சத்தமே இல்ல. ஆனா ஃபார்ம்வேர் (பெட்டிக்குள்ள இருக்கிற சோனி சாஃப்ட்வேர்) 11.52. ஒரு ஓட்டை வழியா பெட்டியோட பூட்டைத் திறக்குற பிபிபவுன்ங்கிற எக்ஸ்ப்ளாயிட் 11.00 வரைக்கும்தான்னு படிச்சேன். அதுல இருந்து மனசே சரியில்ல.

எனக்கு இதுல ஓசி கேம் போடணும்னு ஆசை இல்ல. சி மொழில, எஸ்டிஎல்ங்கிற கேம் லைப்ரரி வச்சு ஆடுபுலி ஆட்டம் எழுதி வச்சிருக்கேன். 3 புலி, 15 ஆடு, கம்ப்யூட்டரே புலி பக்கம் ஆடும். லேப்டாப்புல நல்லா ஓடுது. எங்க லயத்துல (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடு) சாயங்காலம் ஆனா பசங்க பத்து பேர் வாசல்ல நிப்பாங்க. அவங்க டிவில, கைல கன்ட்ரோலர் புடிச்சு இதை ஆடணும். தாத்தா கரித்துண்டால திண்ணைல கோடு போட்டு சொல்லிக் குடுத்த ஆட்டம் இது, இந்தப் பசங்களுக்கு அதோட பேரே தெரியல. சோனிகிட்ட டெவலப்பர் கிட் கேட்டு வாங்குற வசதி என்னை மாதிரி ஒரு மாணவனுக்குக் கிடையாது, அதனாலதான் ஹோம்ப்ரூ, அதாவது பூட்டைத் திறந்து நாமளே எழுதினதை ஓட்டுறது.

காத்திருக்கலாமா, வித்துட்டு வேற வாங்கலாமா? யூடியூப்ல ஒருத்தர் 11.52-வும் திறந்தாச்சுன்னு வீடியோ போட்டு, ஃபைல் வேணும்னா ஒரு ஃபாரம் நிரப்பச் சொல்றார். நம்பலாமா? அப்புறம், இங்க மழை புடிச்சா கரண்ட் நிக்காது. கரண்ட் போனா ஜெயில்பிரேக்கும் (பூட்டைத் திறந்த நிலை) போயிடும்னு சொல்றாங்களே, நிஜமா?

செங்கோட்டை_கேமர்

வித்துடு தம்பி. புனலூர், கொட்டாரக்கரை பக்கம் கல்ஃப் வீடுகள்ல நெட்டே காட்டாம அலமாரில கெடக்குற பிஎஸ்4 நிறைய. எனக்கு அப்படித்தான் 9.00-ல ஒண்ணு கெடைச்சுது. செட்டிங்ஸ்ல சிஸ்டம் இன்ஃபர்மேஷன் போட்டோ அனுப்பச் சொல்லிட்டு, அதைப் பாத்தப்புறம் காசு பேசு. எக்ஸ்ப்ளாயிட் எப்ப வரும்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

கம்பம்_சர்வீஸ்அக்கா

தம்பி, விக்கவும் வேண்டாம், அப்டேட்டும் பண்ண வேண்டாம். கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுமையா படி.

கம்பத்துல மொபைலுக்கும் கேம் பெட்டிக்கும் சர்வீஸ் பாக்குறேன். குமுளி, கட்டப்பனை, நெடுங்கண்டம்னு மேல இருந்து கல்ஃப் பெட்டிங்க நம்ம கடைக்கு எறங்கி வந்துக்கிட்டே இருக்கும். ஃபேன்ல தூசி, ஹெச்டிஎம்ஐ போர்ட் உடைஞ்சது, முக்காவாசி இதுதான். ஸ்க்ரூவைத் தொடுறதுக்கு முன்னாடி ஃபார்ம்வேர் நம்பரைப் பாத்து பில்லுலயே எழுதிக் குடுத்துடுவேன். அந்த நம்பரோட மதிப்பு வச்சிருக்கிறவங்களுக்கே தெரியிறதில்ல.

எக்ஸ்ப்ளாயிட் எப்படி வெளிய வருதுன்னு புரிஞ்சுட்டா உன் பாதி கவலை தீர்ந்துடும். ஓட்டையைக் கண்டுபிடிக்கிற ஆளுங்கள்ல பல பேர் முதல்ல சோனிகிட்டதான் சொல்றாங்க. 2020 ஜூன்ல சோனி இதுக்குன்னே பரிசுத் திட்டம் அறிவிச்சுது. பிஎஸ்4-ல மோசமான ஓட்டை ஒண்ணைக் காட்டினா 50,000 டாலர்ல இருந்து ஆரம்பம். சோனி அதை அடைச்சு அப்டேட் விட்டதுக்கு அப்புறம்தான் விவரம் வெளிய வரும். அதனால நமக்குக் கெடைக்கிற எக்ஸ்ப்ளாயிட் பெரும்பாலும் அப்டேட் பண்ணாம விட்ட பெட்டிக்குத்தான். ஒரு தடவை மேல ஏத்திட்டா பழைய ஃபார்ம்வேருக்கு எறக்கவும் வழி இல்ல.

பிபிபவுன் கதையும் இதேதான். ஆண்டி நுயென், தீஃப்ளோன்னு எல்லாரும் கூப்பிடுற ஆளு, முதல்ல சோனிக்கு எழுதிக் குடுத்தார். 11.02-ல அடைச்சாங்க. இந்த வருஷம் மே மாசம் வெளிய விட்டார். ஓட்டை எவ்வளவு பழசு தெரியுமா? பிஎஸ்டிங்கிற யூனிக்ஸ் வகை சிஸ்டங்கள்ல 2006-லயே பதிவான ஒண்ணு, ஓட்டைப் பட்டியல்ல அதோட நம்பர் சிவிஇ-2006-4304. பிஎஸ்4-க்குள்ள இருக்கிறது ஃப்ரீபிஎஸ்டி வழி வந்த கர்னல் (சிஸ்டத்தோட மையப் பகுதி), அதுல இது அப்படியே தங்கிடுச்சு. லேப்டாப்பை லேன் வயர்ல நேரா பெட்டியோட சேத்து, நெட் செட்டிங்ஸ்ல பிபிபிஓஇ (பிராட்பேண்ட் லாகின் முறை) குடுத்தா, லேப்டாப் நெட் கம்பெனி மாதிரி நடிச்சு கோளாறான பாக்கெட்டை அனுப்பும். யூசர் நேம், பாஸ்வேர்டு எதைப் போட்டாலும் சரி. பதினெட்டு வருஷப் பழைய ஓட்டையே இத்தனை நாள் உள்ள இருந்திருக்குன்னா, இன்னும் என்னென்ன இருக்கும்னு நெனைச்சுப் பாரு. எனக்கு நம்பிக்கை அதுலதான்.

ஆனா காத்திருக்கிறது சின்ன விஷயம் இல்ல. 9.00-க்கு வந்தது 2021 டிசம்பர். யூஎஸ்பி குச்சியைச் சரியான நேரத்துல சொருகணும், ஞாபகம் இருக்கா? அதுக்கப்புறம் 11.00-க்கு ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. நடுவுல எத்தனையோ பேர் பொறுக்க முடியாம அப்டேட் தட்டிட்டு எங்கிட்டயே வந்து நின்னாங்க. செங்கோட்டைத் தம்பி சொல்றதுலயும் நியாயம் இருக்கு, கைல காசு இருந்தா 9.00 பெட்டி நல்லதுதான். மாமா அன்பா குடுத்ததை விக்கச் சொல்ல எனக்கு மனசு வரல, அவ்வளவுதான்.

இன்னிக்கே ஒரு வேலை பண்ணு. செட்டிங்ஸ், சிஸ்டம், ஆட்டோமேட்டிக் டவுன்லோட்ஸ் போய் சிஸ்டம் சாஃப்ட்வேர் டிக்கை எடு. வைஃபை பாஸ்வேர்டை அழிச்சுடு. புது டிஸ்க் போட்டு அப்டேட் கேட்டா டிஸ்க்கை வெளிய எடுத்துடு, டிஸ்க்குக்குள்ளயே அப்டேட் ஃபைல் இருக்கும். கேமுக்காக "சரி" அமுக்கிட்டு 11.52-ஐ இழந்துடாத.

அந்த வீடியோவை மூடிடு. இதுக்கெல்லாம் நிஜமா உழைக்கிறவங்க சோர்ஸ் கோடைத் திறந்து வச்சு எல்லாருக்கும் சும்மா தர்றாங்க. பிபிபவுன் சோர்ஸ் கோடை வரி வரியா படிக்கலாம். ஃபாரம் நிரப்பு, காசு அனுப்புன்னு கேக்குற எவன்கிட்டயும் எதுவும் கெடையாது. எஸ்டேட் பசங்க ரெண்டு பேர் இப்படி காசு குடுத்துட்டு வந்து கடைல நின்னப்ப எனக்கு வயிறு எரிஞ்சுது.

கரண்ட் கேள்விக்கு வர்றேன். ஆமா, பிஎஸ்4-ல எந்த ஜெயில்பிரேக்கும் மெமரில மட்டும்தான் நிக்கும். ரெஸ்ட் மோட்ல போட்டா தாங்கும், கரண்ட் போனா போச்சு. ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து ஓட்டணும். ஆடி மழையில உங்க பக்கம் ஒரு சாயங்காலத்துக்கு எத்தனை தடவை போகும்னு உனக்கே தெரியும். நாளைக்கே 11.52 திறந்தாலும் லயத்துப் பசங்களுக்கு இது தோதுப்படாது.

அதனால நான் சொல்றது, பிஎஸ்4 அலமாரில தூங்கட்டும், உன் ஆட்டத்தை பிஎஸ்2-ல போடு. நம்ம பக்கம் பழைய பிஎஸ்2 இல்லாத கல்ஃப் வீடு எது? ஃப்ரீ மெக்பூட்னு ஒண்ணு, 8 எம்பி மெமரி கார்டுலயே உக்காந்துக்கும். கரண்ட் போய் வந்தா சுவிட்சைத் தட்டு, நேரா ஹோம்ப்ரூ மெனு. லேப்டாப் வேண்டாம், வயர் வேண்டாம், பழைய டப்பா டிவியே போதும். வாங்குறப்ப பின்னாடி ஸ்டிக்கரைப் பாரு. 90000 சீரிஸ்ல கடைசியா வந்த சிலதுல இது ஓடாது.

எஸ்டிஎல்-க்கு பிஎஸ்2, பிஎஸ்பி, வீட்டா எல்லாத்துலயும் ஓடுற வடிவம் (போர்ட்) இருக்கு. பிஎஸ்4-க்கு ஹோம்ப்ரூ எழுத ஓப்பன்ஆர்பிஸ்ங்கிற கருவித்தொகுப்பு இருக்கு. இன்னிக்கு நீ எழுதுற புலியோட மூளை நாளைக்கு 11.52 திறந்தா அங்கயும் ஓடும். பிஎஸ்2-ல மெமரி 32 எம்பிதான், படத்தை எல்லாம் சின்னதா வை.

பொள்ளாச்சி_64

அக்கா சொன்னதோட ஒண்ணு. பல பேர் பயப்படுறதால சொல்றேன். நம்ம பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டத்துல 2012-ல 65ஏ பிரிவு சேத்தாங்க. உரிமையை மீறணும்னு எண்ணத்தோட பூட்டை உடைச்சா 2 வருஷம் வரைக்கும் ஜெயில், அபராதமும் உண்டு. அந்த எண்ணம்ங்கிற வார்த்தைதான் அதுல முக்கியம். தானே எழுதின ஆட்டத்தைத் தன் பெட்டில ஓட்டுறவனும், திருட்டு கேம் ஏத்தி விக்கிற கடையும் ஒண்ணு இல்ல. நான் வக்கீல் இல்ல, ஆனா அந்தப் பிரிவைப் படிச்சவன்.

ஆடுபுலியை முடிச்சா சோர்ஸ் கோடை இங்க போடுப்பா. எங்க வீட்லயும் ஆடுவாங்க.

வண்டிப்பெரியாறு_லயம்

ரொம்ப நன்றிக்கா. டிக்கை எடுத்துட்டேன், வைஃபையும் அழிச்சாச்சு. பக்கத்து லயத்துல ஒரு பிஎஸ்2 கெடைச்சுது, 77000 சீரிஸ், லென்ஸ் போயிடுச்சு, டிஸ்க் படிக்காது. பரவால்லயா?

எமுலேட்டர்ல (லேப்டாப்புலயே பிஎஸ்2 மாதிரி ஓட்டுற சாஃப்ட்வேர்) போட்டுப் பாத்தேன். பலகை, காய் எல்லாம் வருது, ஆனா தமிழ் எழுத்து உடையுது. "புலி"ன்னு போட்டா ப தனியா, உகரக் குறி தனியா, லகரத்தோட இகரக் குறி எங்கயோ நிக்குது. "கொன்றது" இன்னும் மோசம், கொம்பும் காலும் க-வுக்குப் பின்னாடியே விழுது. ஃபான்ட் மாத்தியும் அப்படியேதான்.

கம்பம்_சர்வீஸ்அக்கா

லென்ஸ் வேண்டவே வேண்டாம். கார்டுல இருந்து பூட் ஆகும், ஆட்டத்தை பென்டிரைவ்ல இருந்து எடுத்துக்கும். அதுல இருக்கிறது யூஎஸ்பி 1.1, மெதுவாத்தான் படிக்கும், உன் ஆட்டத்துக்கு அது போதும்.

எழுத்து உடையுறது ஃபான்ட் தப்பு இல்ல. நீ ஒவ்வொரு யூனிகோட் எழுத்தையும் வரிசையா எடுத்து ஒண்ணு ஒண்ணா வரையுற. இங்கிலீஷுக்கு அது சரி. தமிழுக்கு ஒற்றைக்கொம்பை க-வுக்கு முன்னாடி தள்ளணும், பு-வுக்கு ஃபான்ட்டுக்குள்ள இருக்கிற தனி வடிவத்தை எடுக்கணும். லேப்டாப்புல அந்த வேலையை ஹார்ஃப்பஸ்ங்கிற லைப்ரரி பாத்துக்கும், எஸ்டிஎல்-ல எழுத்து வரையுற டிடிஎஃப் பகுதியை அதோட சேத்து பில்ட் பண்ணலாம். பிஎஸ்2-ல அதைக் கட்டி இழுக்கிறது உனக்கு இப்ப தேவையில்லாத வேலை. உன் ஆட்டத்துல மொத்தம் எத்தனை வாக்கியம் வந்துடப் போகுது? "புலி ஜெயிச்சது", "ஆடு வெட்டுப்பட்டது", "உங்க முறை", இந்த மாதிரிதான. எல்லாத்தையும் லேப்டாப்புலயே சரியா வரைஞ்சு பிஎன்ஜி படமா சேமிச்சு, ஆட்டத்துல படமாவே ஒட்டிடு. எண் மட்டும் 0-ல இருந்து 9 வரைக்கும் தனித்தனிப் படம். வீட்டா, பிஎஸ்4 போறப்ப ஹார்ஃப்பஸ் சேத்துக்கலாம்.

கார்டு நான் போட்டுத் தர்றேன், கூலி வேண்டாம், கார்டு விலை மட்டும் குடு. காலேஜ் விட்டு பஸ் ஏறுறதுக்கு முன்னாடி கடைக்கு வா, ஏழு மணி வரைக்கும் இருப்பேன். பென்டிரைவை ஃபேட்32-ல ஃபார்மட் பண்ணிட்டு வா, எக்ஸ்ஃபேட்ல இருந்தா அது படிக்காமப் போகலாம். ரெண்டு கன்ட்ரோலரையும் எடுத்துட்டு வா, பட்டன் ரப்பர் தேஞ்சிருந்தா மாத்திடலாம்.