புதுப்பிப்பு: ஸ்பைருலினா நீலம் ஏன் பச்சையாகிறது?

ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசியின் தூளில் ஃபைக்கோசயனின் என்ற நீல நிறமியை எடுக்கும் முறையை முன்பு போட்டிருந்தேன். "நீலமே வரல, பச்சைத் தண்ணிதான்" என்று சுங்கை சிப்புட் அக்கா ஒருவர் கேட்டிருந்தார்.

இந்த நீல நிறமி தண்ணீரில் கரையும், பச்சையம் கரையாது. ஆக அந்தப் பச்சை, வடிகட்டியில் தப்பிய செல் துகள். 1 கிராம் தூளுக்கு 25 மில்லி தண்ணீர்; உறையவைத்து, ஐஸ் பெட்டியின் (ஃபிரிட்ஜ்) கீழ்த்தட்டில் உருகவிடுங்கள், இரண்டு மூன்று முறை. பிளெண்டர் வேண்டவே வேண்டாம்: துகள் நுணுகி மிதக்கும், காப்பி ஃபில்டர் தாளும் பிடிக்காது. ஓர் இரவு குளிரில் அசையாமல் வைத்து மேல்தெளிவை மட்டும் சாய்த்தெடுங்கள். நல்ல சாறு வெளிச்சத்துக்கு எதிரே நீலமாகவும், பக்கவாட்டில் செம்மினுக்காகவும் தெரியும்.

45 டிகிரி தாண்டினால் வெளிறும். எலுமிச்சை பிழிந்தால் சங்குப்பூ மாதிரி ஊதாவாகாது. இது புரதம், திரிந்து அடியில் படியும். கெட்டியான சீனிப்பாகில் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும்.