உச்சத்துக்குப் போகும்போது குரல் உடைகிறது: என்ன பயிற்சி?

கேள்வி: ஆண் குரல். செஸ்ட் வாய்ஸ் (பேசும்போது வருவது போன்ற கனத்த குரல்) ஈ4 (மேற்கத்திய சுரப்பெயர்; எண் ஸ்தாயியைக் குறிக்கும்) வரை வலுவாக நிற்கிறது. எஃப்4 தொட்டதும் உடைந்து மெலிந்துவிடுகிறது. கனத்த கீழ்க்குரலையும் மெல்லிய மேல்குரலையும் எப்படி இணைப்பது?

பதில்: கீழிருந்து தள்ளாதீர்கள், மேலிருந்து இறங்குங்கள். ஏ4-இல் மெல்லிய 'ஊ' பிடித்து ப ம க ரி ஸ என டி4 வரை இறங்கவும். அடுத்த சுற்று அரைச்சுரம் கீழே. இப்படியே, ஸ ஏ3-க்கு வரும்வரை. பலரும் சறுக்கும் இடம் ஒன்றுதான்: இறங்கும்போதே சத்தத்தைக் கூட்டுவது. உடனே செஸ்ட் வாய்ஸ் தொப்பென்று வந்து விழும்.

பதில்: அதற்கு முன் 5 நிமிடம் லிப் ட்ரில். உதடு படபடக்க மேலே சறுக்கிப் போய் இறங்கவும். உதடு நின்றால் மூச்சு சீராக இல்லை, அல்லது தொண்டை இறுகிவிட்டது. ஸ்ட்ராவுக்குள் முனகினாலும் பலன் அதேதான்.

பதில்: 'ஆ'வை அகலமாகவே மேலே இழுத்தால் குரல்நாண்கள் தடித்த நிலையிலேயே இறுகும். டி4-இலிருந்தே 'ஓ' பக்கம் சாய்க்கவும்.

கேள்வி கேட்டவர்: நடுவில் வெறும் காற்றாக வருகிறதே?

பதில்: 'ஊ'வுக்குப் பதில் 'கூ' (ஆங்கில 'goo' போல) பாடுங்கள். அந்த 'g' ஒலி நாண்கள் நன்றாகச் சேர உதவும். கரகரப்பு வந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள்.