மறு: தோள் மூட்டு மாற்று – 'ஸ்டெபிலிட்டி'க்கு நிலைப்பா, பிடிப்பா, ஊற்றமா?

மொழிபெயர்ப்பாளர், திங்கள் காலை

அனைவருக்கும் வணக்கம். தோள் மூட்டு மாற்று அறுவைக்கான நோயாளர் கையேடும் ஒப்புதல் படிவமும் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகின்றன. எலும்பு தேய்ந்து குறைந்தவர்களுக்கான பகுதியில் மட்டும் 'ஸ்டெபிலிட்டி' 11 இடங்களில் வருகிறது. எல்லாவற்றுக்கும் 'நிலைத்தன்மை' என்று போட்டுப் பார்த்தேன். "எலும்பு இழப்பால் பதியத்தின் நிலைத்தன்மை பாதிக்கப்படலாம்" என்ற வரியைப் படித்துக் கையெழுத்துப் போடுபவருக்கு என்ன விளங்கும்? ('பதியம்' என்று போட்டிருப்பது உள்ளே பதிக்கும் செயற்கை மூட்டுக்கு.) எனக்கே விளங்கவில்லை. ஒரு நல்ல சொல் தாருங்கள்.

எலும்பு அறுவை மருத்துவர், திங்கள் இரவு

ஒரு சொல் தேடுவதால்தான் சிக்கல். அந்த 11 இடங்களில் இரண்டு வேறு கேடுகள் கலந்து கிடக்கின்றன.

எலும்பு குறைந்தவர்களுக்குப் பெரும்பாலும் செய்வது தலைகீழ் மாற்று. குழி இருந்த தோள்பட்டை எலும்பில் பந்து, பந்து இருந்த மேற்கை எலும்பில் கிண்ணம். இதில் முதல் கேடு, கிண்ணம் பந்தை விட்டு நழுவுவது. இரண்டாவது, பந்தைத் தாங்கும் அடித்தட்டு எலும்பில் ஆடத் தொடங்குவது.

பழைய தலைகீழ் வடிவங்களில் சுழல் மையம் எலும்பை விட்டு வெளியே தள்ளி நின்றது. கை தூக்கும்போதெல்லாம் கடப்பாரை போட்டு நெம்பியதுபோல் தட்டு பெயர்ந்தது. பிரான்சின் டிஜோனில் பால் கிராமோன் 1985-ல் கழுத்தில்லாத பந்தைக் கொண்டு மையத்தை எலும்பின் பரப்புக்கே கொண்டுவந்தார். மேற்கையைச் சற்றுக் கீழிறக்கி, தோளைப் போர்த்திய டெல்டாய்டு தசைக்கு இழுவையும் கொடுத்தார். நெம்பல் குறைந்தது தட்டுக்கு, இழுவை கூடியது மூட்டுக்கு. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் இந்த வேறுபாடு மறைந்துவிடும்.

தட்டு ஆடாமலிருக்க அடியில் ஏறத்தாழ பாதியாவது நோயாளியின் சொந்த எலும்பில் படியவேண்டும் என்று பலர் வைத்திருக்கிறோம். குறைந்த இடத்தை நிரப்ப எலும்புத் துண்டை ஒட்டாக வைத்தால், தட்டின் நடுமுளை அதைத் துளைத்துத் தாண்டிச் சொந்த எலும்பில் இறங்கவேண்டும். தட்டுக்கும் எலும்புக்கும் இடையே அசைவு 150 மைக்ரான் அளவுக்குப் போனால் எலும்பு உள்ளே வளராது, நார்தான் படரும். 150 மைக்ரான் என்பது இரண்டு தலைமுடிக் கனம்.

கருவிப் பொறியாளர், செவ்வாய்

தட்டுக்குப் 'பிடிப்பு' போதும். பட்டறையில் தினமும் புழங்கும் சொல்: திருகு பிடித்தது, மரை பிடிக்கவில்லை. அறுவை முடிந்த நிமிடத்தில் இருப்பது திருகு தரும் பிடிப்பு. மேல் திருகு காக்கை அலகு போன்ற முனைப்பின் அடியை நோக்கியும், கீழ்த் திருகு தோள்பட்டை எலும்பின் வெளிவிளிம்புத் தூணுக்குள்ளும் போகும். திருகின் தலையிலும் மரை இருந்தால் தட்டோடு பூட்டிக்கொள்ளும். பிறகு வாரக்கணக்கில் எலும்பு வளர்ந்து தருவது இரண்டாம் பிடிப்பு. முன்னதை 'திருகுபிடிப்பு', பின்னதை 'வளர்பிடிப்பு' எனலாம். வினைத்தொகை அழகாக உட்கார்ந்துவிட்டது.

தமிழாசிரியர், செவ்வாய் மாலை

வளர்பிடிப்பு வினைத்தொகை, சரி. ஆனால் 'தோளில் பிடிப்பு' என்றால் ஊரில் யாருக்கும் திருகு நினைவுக்கு வராது. இடுப்புப் பிடிப்பு, வாய்வுப் பிடிப்பு, கழுத்துப் பிடிப்பு எல்லாம் வலிதான். "உங்களுக்கு வளர்பிடிப்பு உண்டாகும்" என்று படிவத்தில் எழுதினால் நோயாளி எழுந்து போய்விடுவார்.

என் பரிந்துரை 'ஊற்றம்'. தோன்று – தோற்றம் என்பதுபோல ஊன்று – ஊற்றம். வலிந்து செய்ததில்லை, அகராதியில் உறுதி, பற்றுக்கோடு என்ற பொருளோடு இருக்கிறது. குறள் 415-ஐப் பாருங்கள்: "இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல் அற்றே". வழுக்கும் நிலத்தில் ஊன்றுகோல். டாக்டர் சொன்ன இரண்டு கேடுகளுக்கும் இரண்டு சொற்கள் ஒரே அடியில் கிடைக்கின்றன: பந்து நழுவுவது இழுக்கல், தட்டு நிற்பது ஊற்றம்.

தோள்பட்டைக் குழிக்கும் ஒரு சொல் தருகிறேன். கிளினாய்டு என்ற கிரேக்கச் சொல்லுக்கே ஆழமற்ற குழி என்றுதான் பொருள். நம்மிடம் அப்படியே ஒரு பண்டம் இருக்கிறது, அகல் விளக்கு. ஆகவே 'தோளகல்'.

யாழ்ப்பாண விரிவுரையாளர், புதன்

ஐயா, அகல் என்பது வினையாகவும் நிற்குமே. மூட்டு விலகுமோ என்று அஞ்சும் இடத்தில் 'தோளகல்' என்றால் தோளே, அகன்று போ என்று ஏவினது போலாகும். 'ஊற்றம்' எனக்கு விருப்பந்தான். ஆனால் இன்றைக்கு ஊற்று என்றால் நீர் ஊறுவதும் ஊற்றுவதுந்தான். தோளில் ஊற்றம் எண்டால் சீழ் வடியுது எண்டுதான் விளங்கிக்கொள்ளுவினம்.

இன்னொன்று. நீங்கள் எல்லாரும் எலும்பு என்றே எழுதுகிறீர்கள். எங்கள் பாடநூல்களில் என்புதான். "என்பும் உரியர் பிறர்க்கு" என்று வள்ளுவர் சொன்னதும் அதுவே. 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் தமிழில் மருத்துவம் படிப்பித்து, நூல்களும் சொற்றொகுதியும் அச்சிட்டார். புதுச்சொல் ஆக்க முன்னம் அவற்றை ஒருக்கால் புரட்டிப் பார்க்கலாமே.

மொழிபெயர்ப்பாளர், புதன்

என்பா எலும்பா என்பதை வெள்ளிக்குப் பிறகு வைத்துக்கொள்வோம், அம்மா. புலவர் ஐயாவுக்கு ஒரு செய்தி: இதே கையேட்டின் 9ஆம் பக்கத்தில் "நாற்காலியில் கையை ஊன்றி எழாதீர்கள்" என்று இருக்கிறது. கை உடலின் பின்னால் போய் உள்பக்கம் திரும்பும் அந்த நிலையில்தான் பந்து நழுவும். ஊன்றுவதைத் தடுத்துவிட்டு, ஊன்றும் சொல்லையே உறுதிக்கும் வைப்பது இடறுகிறது.

எலும்பு அறுவை மருத்துவர், வியாழன் அதிகாலை

சொல் எதுவானாலும் ஒன்றைப் படிவத்தில் விடக்கூடாது. இரண்டு கேடுகளும் ஒன்றையொன்று தூண்டும்.

குழி பின்பக்கம் தேய்ந்து சரிந்திருந்தால் உயர்ந்த பக்கத்தைத் துருவி மட்டமாக்குவோம். கருவி தேங்காய்த் துருவியின் தலை மாதிரியே இருக்கும். 10–15 பாகைச் சரிவு வரை இது ஆகும். அதற்கு மேலும் துருவினால் தட்டைத் தாங்க இருந்த கொஞ்சம் கெட்டி எலும்பும் போகும். பந்தும் உள்ளே தள்ளிப்போகும், டெல்டாய்டு தொய்யும், கிண்ணம் நழுவும். தட்டை மட்டமாக உட்கார வைக்கப் போய் மூட்டைக் கெடுத்த கதை. அதனால் சரிவு கூடுதலானால் எலும்பு ஒட்டு, அல்லது ஒரு பக்கம் தடித்த தட்டு. முதல் அறுவையில் வெட்டியெடுக்கும் மேற்கைத் தலையே ஒட்டுக்குக் கிடைக்கும். மறு அறுவையில் அது இராது, இடுப்பெலும்பிலிருந்தோ கொடை எலும்பிலிருந்தோ எடுக்கவேண்டும்.

கருவிப் பொறியாளர், வியாழன்

ஒரு பக்கம் தடித்த தட்டுக்கு 'ஆப்புத் தட்டு'. நிலைப்படி சாய்ந்தால் தச்சர் ஆப்பு வைப்பதும் இதற்குத்தான். 'பதியம்' என்ற சொல்லையும் மாற்றவேண்டாம். மல்லிக்கொடியை வளைத்து மண்ணில் பதித்து வேர்விடக் காத்திருப்பதும், தட்டைப் பதித்து எலும்பு வளரக் காத்திருப்பதும் ஒரே செயல்.

தமிழாசிரியர், வியாழன்

வேர்விட்டதும் பதியத்தை வெட்டிப் பிரித்து வேறிடத்தில் நடுவோம். இங்கே பிரித்தால் கேடல்லவா? உவமை பாதி தூரம்தான் வருகிறது.

மொழிபெயர்ப்பாளர், வியாழன் இரவு

'ஊற்றம்' இடறுவதால் நான் 'பிடிப்பு' பக்கம் சாய்ந்துவிட்டேன். வலி என்ற மயக்கம் வராதிருக்க, தனியே விடாமல் எங்கும் 'எலும்புப் பிடிமானம்' என்று போடுகிறேன். மூட்டுக்கு 'நழுவாமை'. படிவத்தில் பெயர்ச்சொல்லை விட்டு வினையாகவே எழுதிவிட்டேன்:

"உங்கள் தோள்பட்டை எலும்பு குறைந்திருப்பதால் தட்டு ஆடிவிடக்கூடும். ஆடினால் மறு அறுவை தேவைப்படலாம். தட்டு ஆடாவிட்டாலும் பந்து நழுவக்கூடும். தசை தொய்வாக இருந்தால் இந்த வாய்ப்பு கூடும்."

தமிழாசிரியர், வெள்ளி காலை

வினையாக எழுதியது நன்று, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கலைச்சொல் பட்டியலில் மட்டும் 'பிடிமானம்' என்பதற்குப் பக்கத்தில் 'ஊற்றம்' என்றும் சேர்த்துவிடுங்கள். புழங்காததால்தான் அது நீர் ஊற்றாகத் தெரிகிறது.

எலும்பு அறுவை மருத்துவர், வெள்ளி காலை

7ஆம் பக்கத்தை இப்போதுதான் பார்த்தேன். மேற்கை எலும்பின் மேல்பாகம் இழந்தவர்களுக்கு, உள்ளே செருகிய தண்டு எலும்புக் குழலுக்குள் திரும்பிவிடும் கேடு அங்கே இருக்கிறது. அதற்கும் 'திருகல்' என்று போட்டிருக்கிறீர்கள். திருகாணியோடு குழம்பும். அச்சு எத்தனை மணிக்கு?