அம்மாவின் விசா மறுக்கப்பட்டது, பிரசவத்துக்குப் பத்து வாரம்தான் (ஸ்டுட்கார்ட்)

நெக்கார்க்கரை: வணக்கம். ஜெர்மனிக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. அம்மாவின் விசாவை நேற்று மறுத்துவிட்டார்கள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அம்மா வராவிட்டால் பத்தியச் சமையல், குழந்தையைக் குளிப்பாட்டுவது எல்லாம் யார் செய்வது? ஆறு மாதம் தங்க வேறு விசா இருக்கிறதா? உடனே சொல்லுங்கள்.

பழைய முனிக்: தம்பி, நாங்கள் 2009இல் வந்தபோது இப்படிக் கேட்கக்கூட ஆள் இல்லை. டிசம்பரில் பிள்ளை பிறந்தது. நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது என்பதை மறந்து மூன்று வேளையும் கஞ்சி குடித்தோம். அன்றைக்கே துணி துவைத்ததற்குக் கீழ்வீட்டுப் பாட்டி கதவில் சீட்டு ஒட்டிவிட்டுப் போனார். நீங்கள் தூதரகத்துக்கு முறையீட்டுக் கடிதம் எழுதுங்கள். நாங்கள் அப்படித்தான் விசா வாங்கினோம்.

கணக்குப்பிள்ளை: ஐயா, அந்த முறையீட்டை 2025 ஜூலை 1 முதல் எடுத்துவிட்டார்கள். புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் வழக்கு. ஷெங்கன் என்கிற குறுகிய கால விசாவில் 180 நாளுக்கு 90 நாள்தான், ஆறு மாதத்தை மறந்துவிடுங்கள். யாருடைய அம்மா? மறுப்புக் கடிதத்தில் எந்தக் காரணத்துக்குக் குறி போட்டிருக்கிறது? மனைவி வேலை பார்க்கிறாரா?

இரட்டைப்பிள்ளை அம்மா: மறுத்தது நல்லதற்கே. என் மாமியார் வந்திருந்த தொண்ணூறு நாளும் அவர் மகன் ஒரு தம்ளரைக் கழுவவில்லை. அதற்கு முன்பு பாத்திரம் அவர், சமையல் நான் என்று ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அத்தை விமானம் ஏறிய பிறகு அந்தப் பழக்கத்தை மீட்க எனக்கு ஆறு மாதம் ஆனது.

கொங்குப் பெண்: எல்லோர் வீட்டிலும் அப்படி இல்லை அக்கா. என் மாமியார் இல்லாவிட்டால் நான் வேலையை விட்டிருப்பேன். ஒரு வயதானால் கிட்டாவில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், இடம் கேட்கச் சட்டப்படி உரிமை உண்டு. இடம்தான் இல்லை. என் மகளுக்கு ஒன்றரை வயதில் கிடைத்தது.

பழைய முனிக்: இந்தக் காலத்துப் பெண்களுக்குப் பெரியவர்கள் என்றாலே பாரம்.

இரட்டைப்பிள்ளை அம்மா: அந்த ஞாயிற்றுக்கிழமை கஞ்சியைக் காய்ச்சியது யார் ஐயா?

பழைய முனிக்: அவள்தான். அதற்கென்ன?

நெக்கார்க்கரை: மன்னிக்கவும், பரிசோதனைக்குப் போயிருந்தோம். என் அம்மாதான். ஊர் திரும்புவாரா என்பதில் சந்தேகம் என்று குறி போட்டிருக்கிறார்கள். மனைவியும் வேலை பார்க்கிறாள்.

கணக்குப்பிள்ளை: அப்பாவின் ஓய்வூதியத் தாள், வீட்டுப் பத்திரம் சேர்த்து மறுபடி போடலாம். அது ஓடிப்போகாது. உங்களுக்கு நாள் ஓடுவது வேறு இடத்தில். எல்டர்ன்ட்ஸைட் என்கிற பெற்றோர் விடுப்பைத் தொடங்குவதற்கு ஏழு வாரம் முன்பே நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இப்போது மின்னஞ்சலே போதும். எட்டு வாரத்துக்கும் முன்னால் அனுப்பாதீர்கள், வேலைநீக்கத்திலிருந்து பாதுகாப்பு அப்போதுதான் தொடங்குகிறது. பத்து வாரம் என்றால் அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் அனுப்புகிற மாதிரி இருக்கும்.

எல்டர்ன்கெல்ட் என்கிற பெற்றோர் உதவித்தொகை வேண்டுமென்றால் நீங்கள் குறைந்தது இரண்டு மாதம் எடுக்க வேண்டும். முதல் ஆண்டில் இருவரும் ஒரே சமயத்தில் ஒரு மாதம்தான் வாங்கலாம், இரட்டைக் குழந்தைக்கு விதி வேறு. அந்த ஒன்றைப் பிரசவத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை மனைவி வேலைக்குத் திரும்பும்போது தனியாக எடுங்கள். ஊரில் வாங்கிய சம்பளம் கணக்கில் சேராது, தொகை குறையும்.

குளிப்பாட்டக் கற்றுக்கொடுக்க ஹெபாமெ என்கிற மருத்துவச்சி வீட்டுக்கே வருவார். அரசுக் காப்பீடு என்றால் செலவில்லை. ஏழாம் மாதத்தில் தேடுவது தாமதம்தான், இன்றே பத்துப் பேருக்காவது அழையுங்கள்.

கொங்குப் பெண்: மனைவிக்கு யார் வர வேண்டுமாம்?

நெக்கார்க்கரை: இப்போதுதான் கேட்டேன். அவளுடைய அம்மா வேண்டுமாம், அதுவும் முதல் மாதம் வேண்டாமாம், மூன்றாம் மாதம் போதுமாம். முதல் மாதம் என்னை இருக்கச் சொல்கிறாள். எனக்கு ரசம் மட்டும்தான் வைக்கத் தெரியும். பிரசவ லேகியத்தை ஊரிலிருந்து யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொல்லலாமா?

இரட்டைப்பிள்ளை அம்மா: பொடியை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். நெய் பால்பொருள், வெளியிலிருந்து கொண்டுவர விடமாட்டார்கள். இங்கே கடையில் புட்டர்ஷ்மால்ட்ஸ் கிடைக்கும், நெய்தான். அடுப்பைச் சிறிதாக வைத்துக் கைவிடாமல் நீங்களே கிளறுங்கள் தம்பி.