வற்றிய கண்மாயில் குமிழித் தூம்பு பார்க்க எந்தப் பக்கமா இறங்கணும்?

சைக்கிள்காரன்:
சித்திரையில் புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் வர்றோம். கண்மாய்க்குள்ள இறங்கி குமிழியை (வயலுக்குத் தண்ணி திறந்துவிடுற பழைய கல் மடை) கிட்டத்துல பார்க்கணும், கல்வெட்டு இருந்தா படம் எடுக்கணும். நடுவுல கொஞ்சம் தண்ணி கிடக்குமாம். எப்படிப் போறது?

மடைக்கரை:
சித்திரை சரியான நேரம். ஆனா கண்மாய் ஒரே சீரா காயாது. வரத்துத் தண்ணி நுழையற மேல்புறம்தான் முதல்ல காயும். கரையோரம், மடைப் பக்கம் பள்ளம், அங்கே கடைசிவரை ஈரம் நிற்கும். குமிழி இருக்கறதும் அங்கேதான். அதனால உள்வாயை (கண்மாய்க்குள்ள தண்ணி நிற்கிற பரப்பு) குறுக்கே கடக்காதீங்க. கரைமேலேயே நடந்து மடைக்கு நேரா வந்து இறங்கினா சேத்துல நடக்கிற தூரம் குறையும்.

வெடிச்ச மண்ணை நம்பவே கூடாது. மேலே ஓடு மாதிரி பாளம் பாளமா இருக்கும், அடியில களி அப்படியே பிசுபிசுன்னு கிடக்கும். ஆறடி மூங்கில் கம்பை ஊன்றிக்கிட்டே போங்க. ஒரு சாணுக்கு மேல இறங்கினா திரும்பிடுங்க.

உள்வாய்:
களியை விட வண்டல் அள்ளின குழிதான் ஆபத்து. கலங்கல் தண்ணிக்குள்ள குழி இருக்கறது தெரியாது. கணுக்கால் தண்ணின்னு நினைச்சு வைக்கிற அடுத்த எட்டு கழுத்தளவுல போய் நிற்கும், ஏற வழுக்கும். தேங்கின தண்ணியில கால் வைக்காதீங்க. சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைச்சு ஏறும், அடி கனமான ஷூ போடுங்க. மீன்பாசி ஏலம் (கண்மாயில மீன் பிடிக்கிற உரிமை) எடுத்தவங்க காவல் வச்சிருப்பாங்க, சொல்லிட்டு இறங்குங்க. மீன்பிடித் திருவிழா அன்னைக்கு வேண்டாம். ஊத்தா, கச்சா மாதிரி மீன்பிடிச் சாமான்களோட ஊரே உள்ள நிற்கும்.

வட்டெழுத்து:
ஜோடியா நிற்கிற ரெண்டு கல்தூண், குறுக்கே கல்சட்டம், கீழே கல்தொட்டி, இதுதான் குமிழி. தொட்டி மேல்மூடியில இருக்கற துளை நீரோடி. அதோட அடைப்பைத் தூக்கினா தண்ணி கரைக்கு அடியில ஓடுற சுருங்கை வழியா வயலுக்குப் போகும். தரைமட்டத்துல சின்னச் சின்னத் துளைகள் இருக்கும், அது சேறோடி. தண்ணி இழுக்கிற இழுப்புல வண்டலும் அது வழியா கூடவே வெளியேறும். கண்மாய் மேடிட்டிருந்தா சேறோடி மண்ணுக்குள்ள மூடியிருக்கும், தோண்ட வேண்டாம். மூடிக்கல் மேலயும் ஏறாதீங்க, அடியில வெத்திடம்.

உச்சி வெயில்ல எழுத்து தெரியாது. காலை 7 மணி வாக்குல, இல்லேன்னா சாயங்காலம் 5-க்கு மேல போங்க. நேரம் தப்பினா தூணை நிழல் பண்ணிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டுல ஒட்டிப் பிடிங்க. காய்ஞ்ச சேத்தைத் தண்ணி ஊத்தி ஊறவச்சு மெத்துன்னு ஒரு பிரஷ்ஷால தள்ளினா போதும். கம்பி பிரஷ் கூடவே கூடாது. மாவு, சாக்பீஸ் தடவுற பழக்கத்தையும் விட்டுடுங்க, எழுத்துக்குள்ள அடைஞ்சிடும். முதல்ல முழுத் தூண், அப்புறம் மேலிருந்து கீழா, ஒரு படத்தோட கடைசி வரி அடுத்த படத்துலயும் வர்ற மாதிரி எடுங்க. பக்கத்துல ஸ்கேல் வைங்க. நாலு முகத்தையும் எடுத்து இங்கே போடுங்க, வட்டெழுத்தா (பழைய தமிழ் எழுத்து முறை) இருந்தாலும் படிச்சுப் பார்க்கலாம்.